எது குறைவாகப் பேசும்

புந்தா அரேனாஸில் அன்று காற்று நாள்.
ஊருக்குள் தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்,
ஆட்கள் பறந்துவிடாமல் பிடித்து நடக்க.
சுங்கமில்லாச் சந்தையில், எங்கள் கடையில்,
மேலாளர் தோமிஸ்லாவ் காலையிலேயே சொல்லிவிட்டார்:
சிவப்பு விளக்கு எரியும் அந்த விளையாட்டுக் கணினி
மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று போயாக வேண்டும்.

எர்மீனியா ஓயர்சோ வந்தாள்.
சால்மன் ஆலையின் வெள்ளை பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
"எதற்குக் கணினி?" என்றேன்.
பயிற்சியில் சொல்லித் தந்த முதல் கேள்வி.
படம் வரையவா, வீடியோ வெட்டவா, பாட்டா,
எதைச் சொன்னாலும் நாக்கு நுனியில் ஒரு விடை இருந்தது.
"சத்தம் சேர்க்கிறேன்" என்றாள்.
சரி என்று தொடங்கினேன், இத்தனை கோர், இத்தனை ஜிபி,
திரை இவ்வளவு அங்குலம்.
கை காட்டி நிறுத்தினாள்.
"இதில் எது குறைவாகப் பேசும்?"

எனக்குப் புரியவில்லை.
ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டாள்.
கம்பிவேலி ஒன்று காற்றில் முனகியது.
பொர்வெனீர் போகும் படகின் சங்கு.
எங்கோ ஒரு நாய். பிறகு
காதோரத்தில், தூங்கும் குழந்தையின் மூச்சு.
அத்தனைக்கும் அடியில், விடாமல்,
ர்ர்ர்ர் என்று ஏதோ.
"கேட்கிறதா? அது என் பழைய கணினி.
எங்களுக்கு ஒரே அறை.
அவன் கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் என் மேசை."

பிறகு நடந்ததை விற்பனை என்று சொல்ல முடியாது.
வரிசையில் இருந்த பதினொன்றையும் முடுக்கிவிட்டு
ஒவ்வொன்றாகக் காது வைத்தோம்,
முலாம்பழம் தட்டி வாங்குகிறவர்கள் போல.
சிவப்பு விளக்குக்காரன் எடுத்த எடுப்பிலேயே
விமானம் ஏறினான்.
வெள்ளிநிறத்தான் ஐந்து நிமிடம் நல்ல பிள்ளை,
ஆறாவது நிமிடம் புலம்பல்.
மூலையில், விலைச்சீட்டு வெளிறிய ஒன்று:
ஒல்லி, சாம்பல் நிறம், விசிறியே கிடையாது.
வாயில் கொழுக்கட்டை வைத்தது போல் கிடந்தது.

மறைக்காமல் சொன்னேன். வேகம் போதாது.
இருபது தடம் அடுக்கினால் மூச்சு வாங்கும்.
எட்டு ஜிபிதான், கூட்டவும் வழியில்லை.
"எனக்கு நான்கு தடம் போதும்" என்றாள்,
"ஐந்தாவது ஆளாகத்தான்
இவ்வளவு நாள் விசிறி உட்கார்ந்திருந்தது."
நோட்டுகளை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.
தோமிஸ்லாவ் பார்த்த பார்வைக்கு
கமிஷன் தாளில் கட்டம் இல்லை.

பதினாறு நாள் கழித்துத் திரும்ப வந்தாள்.
பழுதோ என்று ரசீது நகலைத் தேடினேன்.
பழுதெல்லாம் இல்லை, வாயே திறப்பதில்லை என்றாள்.
"ஆனால் இப்போது ஃபிரிட்ஜ் கேட்கிறது."

ஃபிரிட்ஜ் நாங்கள் விற்பதில்லை. எதிர்வரிசைக் கடை.
சாப்பாட்டு இடைவேளையில் கூடப் போனேன்.
எத்தனை லிட்டர் வேண்டும் என்று
அங்கிருந்த பையன் கேட்டான், மறுபடியும் கேட்டான்.
நானும் அவளும் ஆளுக்கொரு கதவில்
காதை ஒட்டி நின்றிருந்தோம்.