மூன்றடி பின்னால்

இன்றைக்கு நான் சாமி தூக்குகிறவன்.
நேற்று சுண்ணம் பூசினேன்.
பண்டிகை கழிந்தால் மறுபடி சுண்ணம்தான்.

தலை, புருவம், அக்குள் எல்லாம் மழித்தாகிவிட்டது.
உவர் உப்பை மென்று துப்பி வாயையும் கழுவியாயிற்று.
சுத்தமானவன் என்று என்னைச் சொல்கிறார்கள்.
முந்தாநாள் குடித்த பீரின் கணக்கு
என் மனைவி இயர்நூத்திடம் இருக்கிறது.

எட்டுப் பேர், இரண்டு தண்டு.
எனக்கு இடப்பக்கம், கடைசித் தோள்.
மேலே உட்கார்ந்திருப்பவர் எப்போதோ செத்துப்போன அரசர்.
உயிரோடிருந்த நாளில்
அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது.
இப்போது முழங்கால் உயரம், வண்ணம் பூசிய மரம்,
கழுதைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறார்.

ஆமாம், கழுதை.
நெப்ஸ்மேன் வாடகைக்கு விட்டது,
தண்ணீர் சுமக்கிற பென்னியூத் ஓட்டிப் போனது.
எங்கள் ஊரில் கிணறு கிடையாது.
நதியிலிருந்து இந்த மொட்டைக் குன்றுவரை
ஒவ்வொரு மிடறும் கழுதை முதுகில்தான் ஏறி வரும்.
பத்தாம் நாள், பாதி ஏற்றத்தில்
அது முன்னங்கால் மடித்துப் படுத்தது. எழவில்லை.
"கிழட்டுக் கழுதையை என் தலையில் கட்டினான்" என்கிறான் ஒருவன்.
"அடித்தே கொன்றான்" என்கிறான் மற்றவன்.
விலை முப்பது தெபென் செம்பு.
பென்னியூத் வீட்டில் செம்பு என்று இருப்பது
ஒரு சவரக்கத்தி.

எழுத்தர் வென்னூஃபர்
சுண்ணாம்புக்கல் சில்லில் எல்லாம் எழுதி வைக்கிறார்:
தேள் கொட்டி வராதவன்,
பீர் காய்ச்ச வேண்டுமென்று வராதவன்,
தாயைத் துணி சுற்றப் போனவன்,
கல்லறைக்குள் எரிந்த திரி எத்தனை.
கூலித் தானியம் வராத நாள்களையும் எழுதுகிறார்.
இருபத்திரண்டு.
அந்தச் சில்லை மட்டும் யாருக்கு அனுப்புவதென்று
அவருக்கும் தெரியவில்லை.

மேற்கே பள்ளத்தாக்கில்
இன்னும் சாகாத அரசருக்கு அறை வெட்டுகிறோம்.
கூரையில் வானம் வரைய நீலம் வந்து இறங்கியிருக்கிறது.
நீலம் வந்த படகில்
கோதுமைக்கு இடமில்லை போலும்.

கேள்வியை வாசித்தார்கள்:
"எங்கள் நல்ல அரசே,
கழுதைக்குப் பென்னியூத் ஈடு தரவேண்டுமா?"
ஆமென்றால் முன்னால் வருவார்.
இல்லையென்றால் பின்னால் போவார்.
கூட்டம் மூச்சடக்கி நின்றது.
ஒரு குழந்தை வெள்ளரிக்காயைக் கடித்த சத்தம்
எல்லோருக்கும் கேட்டது.

இதைச் சொல்ல வேண்டும்:
போன அறுவடைக் காலத்தில் என் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது
முறைக்கு மேல் ஒரு குடம் இறக்கிவிட்டுப் போனான் பென்னியூத்.
எந்தச் சில்லிலும் ஏறாத குடம்.
இதையும் சொல்ல வேண்டும்:
நெப்ஸ்மேனுக்கு நான் இரண்டு மூட்டை பார்லி பாக்கி.

தண்டு கனத்தது.
சாமியின் கனம் முதலில் தோளில் தெரியாது,
குதிகாலில்தான் தெரியும்.
முன்னே நின்றவன் தள்ளினானா,
வலப்பக்கம் யாருக்காவது சறுக்கியதா,
என் முழங்கால் தானாகத் தளர்ந்ததா,
மூன்றடி பின்னால் போனோம்.
கடைசித் தோள் என்பதால்
முதலில் போனவன் நான்.

வென்னூஃபர் எழுதினார்: தெய்வம் மறுத்தது.
நெப்ஸ்மேன் சில்லைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான்,
பிறகு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.

இரவு இயர்நூத்
என் தோளில் ஆமணக்கெண்ணெய் தேய்த்தாள்.
"யார் நகர்ந்தது?"
தூங்கிவிட்டதுபோல் கிடந்தேன்.
செத்த பிறகு நாற்பத்திரண்டு தேவர்கள் முன் நின்று
தராசில் கைவைக்கவில்லை என்று நான் சொல்லியாக வேண்டும்.
சொல்லிவிடலாம்.
தோளைப் பற்றிக் கேட்பார்களா?

காலையில் வாசலில் நெப்ஸ்மேனின் பையன்:
இரண்டு மூட்டை பார்லி, இன்றே வேண்டுமாம்.
வழக்குப் போடலாம்தான்.
சாமி அடுத்து வெளியே வர
ஒரு பௌர்ணமி ஆகும்.
அப்போது இடப்பக்கக் கடைசித் தோள்
நெப்ஸ்மேனுடைய முறை.