நாலு விரல் தள்ளி

கதவு திறந்தால்
முதலில் நுழைவது ஆள் இல்லை, குளிர்.
வெள்ளைப் புகையாய்த் தரையோடு ஊர்ந்து
சமையலறைவரை எட்டிப் பார்த்துவிட்டுக் கரையும்.
யாகுத்ஸ்க் நகரத்தில்
ஒரு வீட்டின் நுழைவழியை வரைகிறவள்
அந்த அழையா விருந்தாளிக்கு
எதுவரை அனுமதி என்றுதான்
முதலில் கோடு போடவேண்டும்.

சர்கிலானாவின் வீடு நான்காம் மாடி.
அகலம் நூற்றுப்பத்து சென்டிமீட்டர்.
நீளம், நான் இரு கையும் விரித்து
அதற்கு மேல் ஒரு முழம்.
அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி சொன்னாள்:
"அவருக்கு வைரச் சுரங்கத்தில் வேலை.
மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே.
இருக்கிற நாளில்
இந்த இடத்தில் எள் விழ வழியில்லை.
இல்லாத நாளில்
நான் தும்மினால் சுவர் பதில் தும்முகிறது.
இரண்டுக்கும் சரிப்படுகிற மாதிரி
ஒன்று செய்து கொடுங்கள்."

பதினெட்டு வருடத் தொழிலில்
யாரும் கேட்டதில்லை இதை.
எல்லோருக்கும் அலமாரிதான் வேண்டும்.

வரைந்தேன்.
உருகும் பனி ஒளிந்துகொள்ளக்
கூழாங்கல் பரப்பிய தகரத் தட்டு.
கலைமான் தோல் காலணிக்குத் தனி இடம்,
ரேடியேட்டரை விட்டு எட்டி; சூடு பட்டால் தோல் வெடிக்கும்.
கதவுக்கு எதிரே நிலைக்கண்ணாடி வேண்டாம்,
வந்தவர் முகத்தைப் பார்த்ததும் வெளிறிப்போகும்.
மூக்குக்கண்ணாடிக்காரர்கள்
உள்ளே வந்த ஒரு நிமிடம் குருடர்கள்:
அவர்கள் தடவிப் பிடிக்க ஒரு மடக்குப் பலகை.
விளக்கு மஞ்சள்.
டிசம்பர்ச் சூரியன் இங்கே
மூன்றரை மணிநேரக் கூலிக்காரன்.
பிறகு, நான் இன்றும் பெருமைப்படும் ஏழு கொக்கிகள்:
இழுத்தால் வெளியே வரும், தள்ளினால்
லார்ச் மரப் பலகைக்குள் படுத்துவிடும்.
அவர் போன நாளில் வெறும் மரவரிதான் தெரியும்,
காலியிடம் தெரியாது.

கதவுக்கு இடப்பக்கம்
ஒரு வளைந்த ஆணி இருந்தது.
முன்பு குடியிருந்த யாரோ அடித்தது.
பிடுங்கினேன். ஓட்டையைப் பூசி மெழுகினேன்.
நாலு விரல் தள்ளி
முதல் கொக்கி.

பிப்ரவரியில் தொலைபேசி.
"வந்துவிட்டார்" என்றாள்.
அப்புறம் வந்தது சிரிப்பா இருமலா, தெரியவில்லை.
நள்ளிரவு விமானம். அவளை எழுப்பவேண்டாமென்று
விளக்குப் போடாமல்
கோட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்.
விழுந்தது.
எடுத்து மாட்டினார். விழுந்தது.
மூன்றாம் முறையும் விழ,
காலணியைத் திரும்பப் போட்டுக்கொண்டு
சத்தமில்லாமல் வெளியே போய்
படிக்கட்டில் நின்று
தீக்குச்சி வெளிச்சத்தில்
வீட்டு எண்ணைப் படித்துக்கொண்டிருந்தாராம்.

போனேன்.
நியுர்குன் பெரிய உருவம்.
தான்தான் ஏதோ உடைத்துவிட்டதுபோல் நின்றார்.
"வேலையில் குறை இல்லை, ரொம்ப அழகு.
இந்தக் கைக்குத்தான்..."
கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

கண்ணை மூடச் சொன்னேன்.
வெளியே போய், உள்ளே வந்து,
கோட்டை மாட்டச் சொன்னேன்.
யோசனையே இல்லாமல் உயர்ந்தது கை.
அது நின்ற இடத்தில்
பென்சிலால் புள்ளி வைத்தேன்.
என் பூச்சின் நிறம்
அங்கே இன்னும் ஒரு சாயல் வெளுப்பு.
துளைப்பானை அழுத்தவே வேண்டியிருக்கவில்லை,
தானாக உள்ளே போனது.

எதையும் எறியாத என் பெட்டியில்
அந்த ஆணி கிடந்தது.
நிமிர்த்தட்டுமா என்றேன்.
"வேண்டாம், வளைவு இருக்கட்டும்" என்றார் அவசரமாக.

கிளம்பும்போது கை நீட்டினார்.
நிலைப்படிக்குக் குறுக்கே
கைகுலுக்கக் கூடாது இங்கே, சண்டை வரும்.
என்னைப் பாதி உள்ளே இழுத்துக் குலுக்கினார்.
ஏழு கொக்கிகளும் சுவருக்குள் தூங்க,
ஆணியில் தொங்கியது கோட்டு.
அதன் அடியில் புகுந்து
கூழாங்கல்லைத் தாண்டி, மடக்குப் பலகையைத் தாண்டி
ஊர்ந்துகொண்டிருந்தது புகை.

"பேசினது போதும்,
கதவை மூடுங்கள்!"
சமையலறையிலிருந்து சர்கிலானா.