ஒரு சுரம் குறைவாக

பீல் நகரத்துப் பழைய அரங்கில்
மழையும் ரயிலும் என் கைவசம்.
பச்சைப் பொத்தான் இடி,
அதற்கடுத்தது பால்வண்டி.
செல்லோ மட்டும் என்னுடையதல்ல.
அது ஜெரமியுடையது.
மேடையின் இடது ஓரத்து இருட்டில்
செருப்பைக் கழற்றிவிட்டு
காலுறையோடு உட்கார்ந்திருப்பான்.
அவன் ஒலியை ஏற்றி இறக்கும் தண்டு
என் சுண்டுவிரலுக்கடியில்.
முழு உயரமும் சேர்த்தால் ஒரு தீக்குச்சி நீளம்.

ரெகுலாவுக்கு மார்த்தா வேடம்.
கடிகாரத் தொழிற்சாலையின் மேற்பார்வைக்காரி.
மூன்றாம் அங்கத்தில்
கணவன் பெட்டியோடு வாசலில் நிற்க
அவனது சட்டைகளை இஸ்திரி போட்டபடியே
"போய் வா, எனக்கொன்றுமில்லை" என்பாள்.
அவ்வளவுதான் வசனம்.

முதல் ஒத்திகையில் ஜெரமி
அந்த வரிக்கடியில் வில்லை நீளமாக இழுத்தான்.
முகாரி என்ற பெயரே தெரியாத ஊரில்
முகாரிக்குப் பக்கத்து வீட்டில் போய் நின்றது அது.
இயக்குநர் மூக்கை உறிஞ்சினார்.
பின்சுவருக்கு ஆணியடித்த தச்சர்
சுத்தியலைக் கீழே வைத்தார்.

ரெகுலா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.
"எனக்கு முன்னால் இவன் அழுதுவிட்டான்.
இனி நான் எதை மறைப்பது?"

எங்கள் கூத்தில்
திரை விலகும் முன்பே வரவுப்பாட்டு சொல்லிவிடும்,
வருகிறவன் மன்னனா மந்திரியா
முன்கோபியா முட்டாளா என்று.
அதற்காக எந்த மன்னனும் கோபித்ததில்லை.
ஆனால் மார்த்தா
பாட்டோடு உள்ளே வருகிற ஆளல்ல.
கதவு சாத்தியிருக்கிறதா என்று
இரண்டு தரம் பார்க்கிறவள்.

நான்கு நாள் சண்டை.
அவன் பிரெஞ்சில், அவள் ஜெர்மனில்.
இந்த ஊரில் எல்லாருக்கும் இரண்டும் தெரியும்,
புரியவில்லை என்று சொல்லித் தப்ப வழியில்லை.

ஐந்தாம் நாள் ஜெரமி
முதல் அங்கத்துக் கல்யாண நடனத்தை
மறுபடி கையிலெடுத்தான்.
அதே துள்ளல் மெட்டு.
வில்லைத் தரையில் வைத்துவிட்டு
விரலால் சுண்டிச் சுண்டி வந்தவன்
கடைசிச் சுரத்துக்கு முன்னால் நின்றான்.
திரும்பவும் முதலிலிருந்து.
திரும்பவும் அதே இடத்தில் நிறுத்தம்.
அந்த இடத்தில்
ரெகுலா ஒரு சட்டையின் கையை மடித்தாள்.

"ம்" என்றாள்.
"இப்போது இவனும் என்னோடு சேர்ந்து
பொய் சொல்கிறான்."

முதல் காட்சியன்று
முன்வரிசையில் ஒருவரின் சப்பாத்து
விடுபட்ட அந்தச் சுரத்தைத்
தரையில் தட்டிவிட்டது.
பிறகு வெட்கப்பட்டு
நாற்காலிக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

கணவனுக்கு ஏன் இசையே இல்லை என்று
இடைவேளையில் கேட்டேன்.
ஜெரமி ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்:
"தேடிப் பார்த்தேன்.
அவன் இன்னும் தன்னிடமே
எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.
நான் எதை வாசிக்க?"

ஒன்பதாவது இரவு,
ஏனென்று தெரியாது,
தண்டை ஒரு நகக்கண் அளவு கூடவே ஏற்றினேன்.
யாராவது அவளைக் கேட்டுவிடட்டும் என்றிருந்தது.
காட்சி முடிந்து, பாதி ஒப்பனை கலைந்த முகத்தோடு
படியேறி வந்தாள் ரெகுலா.
"இன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது யார்?"
நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மாட்ரெட்ஷில் என் வீடு.
நள்ளிரவு தாண்டி, டொரோண்டோவிலிருந்து அக்கா.
"அவர் போய் ரெண்டு மாதமாச்சு,
நீ எப்படியடி இருக்கிறாய்?"
"எனக்கென்ன, நல்லா இருக்கிறன்" என்றேன்.
குரலில் ஒரு பிசிறும் இல்லை.
மேடையில் நிற்கலாம், அவ்வளவு சுத்தம்.

அதுவரை ஒரே சுருதியில்
முனகிக்கொண்டிருந்த குளிர்பெட்டி
வழக்கமான உதறலோடு நின்றுபோனது.

மறுமுனையில் அக்கா
கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.