ஷிபுவின் பேட்ஜ்

மனாமாவில் ஞாயிறு வேலைநாள்.
என் பெயர் இன்னும் அச்சாகி வரவில்லை என்று
மேனேஜர் இழுப்பறையைக் கிளறி
ஒரு பேட்ஜை எடுத்து என் சட்டையில் குத்தினார்:
ஷிபு.
"வியாழன் வரைக்கும் இவனாக இரு."

யார் ஷிபு, எங்கே போனான்?
சமையலறையில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.
துபாயில் சொந்தக் கடை.
இல்லை, முதுகு போய்விட்டது, ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.
பாத்திரம் கழுவும் மொஹிதுல் மட்டும்
"காலையில் கட்டில் காலி" என்றான்.
அந்தக் கட்டில்தான் இப்போது எனக்கு.

பன்னிரண்டு மேசை.
ஏழாவதற்கு ஒரு கால் குட்டை.
பழைய மெனு அட்டையை நாலாய் மடித்து
அடியில் கொடுத்தால்தான் சாயா சிந்தாது.
இடதுகையில் மூன்று தட்டு வைக்க
திங்களுக்குள் பழகிவிட்டது.
நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை ஓய்வு.
ஷூவைக் கழற்றினால் கால் வீங்கித் திரும்ப நுழையாது,
அதனால் கழற்றாமல்
கட்டிலுக்கு வெளியே கால்களை நீட்டித் தூங்குவேன்,
யாரோ மறந்துவிட்டுப் போன
இரண்டு சாமான்கள் போல.

வாசலில் ஐஸ்மேல் மீன்கள்.
ஹமூர் என்று அட்டை குத்தியிருக்கிறது.
பார்த்தால் நம்ம களவா.
நான் உவரிக்காரன்.
செவுளைத் தூக்கிப் பார்த்தால் போதும்,
எத்தனை நாள் என்று சொல்லிவிடுவேன்.
கண் குழிந்து, மேலே ஆடை படர்ந்து,
செவுள் காப்பித்தூள் நிறத்தில்:
நாலு நாள். குறைத்துச் சொன்னால்.

"தாஸா?" என்று கேட்பார்கள்
உட்கார்வதற்கு முன்பே.
"தாஸா சார், இன்றைக்குக் காலையில் வந்தது."
நான் சொல்லவில்லை,
ஷிபு சொன்னான்.
நெஞ்சில் அவன் பெயர்தானே குத்தியிருக்கிறது.
திங்கள் முழுக்க ஷிபு பதினெட்டுத் தடவை பொய் சொன்னான்.
எனக்கு நல்ல தூக்கம்.

செவ்வாய் இரவு ஒருவர் தனியாக வந்தார்.
வெள்ளைத் தோப், கையில் கார்ச்சாவி.
பேட்ஜைப் படித்தார். முகத்தைப் பார்த்தார்.
மறுபடி பேட்ஜை.
"நீ ஷிபு இல்லையே" என்றார் பாதி இந்தியில்.
"அவன் இங்கே நிற்பான்.
தாஸாவா என்று கேட்டால் தாஸா என்பான்,
மேனேஜருக்குக் கேட்கிற மாதிரி.
சொல்லிக்கொண்டே ஒரு கண்ணைச் சிமிட்டுவான்.
நான் கோழி சொல்லிவிடுவேன்."
சிரித்தார்.
நூறு ஃபில்ஸ் நாணயங்கள் ஐந்தைத்
தட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.
அது அவனுக்கா எனக்கா என்று கேட்டிருக்கலாம்.

புதன்கிழமை தட்டுகள் இரண்டு உடைந்தன.
சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை என் பேட்ஜ் வந்தது.
கஸ்பார்.
ஆங்கிலத்தில் ப வேறு எழுத்து,
கீழே அரபியில் வேறு எழுத்து.
அரபியில் அந்த ஒலி கிடையாதாம்,
பக்கத்து ஒலியைப் போட்டிருக்கிறார்கள்.
தமிழில் இரண்டுக்கும் ஒரே ப என்பதால்
எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.
ஷிபுவை இழுப்பறையில் போடத் திறந்தேன்.
உள்ளே ஜோபி, தில்ருக், அன்சார்,
பெயர் அழிந்த ஒன்று.
மூடிவிட்டு
அவனைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளி இரவு. வாசலில் வரிசை.
ஏழாம் மேசையில் ஓர் அப்பா, ஓர் அம்மா,
கலர்ப்பென்சிலால் மெனுவில் வரையும் சின்னப் பெண்.
"தாஸா?"
கல்லாவில் மேனேஜர்.
"தாஸா சார்" என்றேன்.
என்றுவிட்டுக் கண்ணைச் சிமிட்டினேன்.

எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது.
அதை அதுவரைக்கும் சோதித்துப் பார்த்ததில்லை.
இரண்டும் சேர்ந்து மூடிக்கொண்டன,
தூசி விழுந்தவன் மாதிரி.
சின்னப் பெண் கைகொட்டிச் சிரித்து
அவளும் இரண்டு கண்ணையும் மூடிக் காட்டினாள்.
அப்பாவும் சிரித்தார்.
ஹமூர், பெரியதாக ஒன்று, என்றார்.

கொண்டுபோனேன்.
தட்டு சூடு, துணி மெல்லிசு.
வெந்த பிறகு எல்லா மீனுக்கும்
கண் வெள்ளையாகிவிடும்.
அதை வைத்து நாள் சொல்ல
உவரியில் ஒருவராலும் முடியாது.