சாக்குக் கழிவு

வெறுஞ்சாக்கை நாலாய் மடித்துத் தராசில் வைத்தார் தவராசா.
எழுநூறு கிராம்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் துடித்து அடங்கின.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மூடைக்கு இரண்டு கிலோ கழிவென்று
கொப்பியில் எழுதியிருந்தேன்,
மேலே எழுநூற்று எண்பத்தாறு போட்ட பக்கத்தில்,
என் நல்ல கையெழுத்தில்.
நாற்பத்தாறு மூடை.
காசை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு
லேண்ட்மாஸ்டரை வீரமுனைப் பக்கம் திருப்பினார்.

சம்மாந்துறையில் அன்று இஷாவுக்குப் பின் பயான்.
நெல்லுத் தூசி போகக் காலைக் கழுவினேன்,
விரலிடுக்கெல்லாம், மூன்று தரம்.
கடைசித் தூணில் முதுகைச் சாய்த்தேன்.

மௌலவி முபஸ்ஸிர் பஸ்றாவிலிருந்து தொடங்கினார்.
ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்திய பள்ளிவாசல்.
பெரும்பாவம் செய்தவனுக்கு என்ன பெயர் என்று
ஒருவன் எழுந்து கேட்கிறான்.

காபிர், வெளியே போ என்று
வாளோடு சொன்னவர்கள் இருந்தார்கள்.
முஃமின்தான், கல்பில் ஈமான் இருக்கிறதே,
கை செய்ததைக் கல்பின் கணக்கில் எழுதாதே,
தீர்ப்பை அல்லாஹ்விடம் பிற்போடு
என்றவர்களும் இருந்தார்கள்.
அவர்களுக்குப் பெயரே பிற்போடுகிறவர்கள்.
இன்னொருவர், இரண்டுமில்லை, நடுவே ஓரிடம் என்று சொல்லி
சபையை விட்டெழுந்து
வேறொரு தூணடியில் போய் உட்கார்ந்தார்.

என் தூணை ஒருதரம் தொட்டுப் பார்த்தேன்.
சுண்ணாம்பு கையில் ஒட்டியது.

பிற்போடுகிறவர்களை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.
"நம்மட ஆக்கள்தான்" என்றார் காதுக்குள்
கலந்தர்லெவ்வைக் காக்கா.
போன பெரும்போகத்து உரக்காசு
இன்னும் எனக்கு அவர் தரவேண்டும்.

ஈமான் கூடும், குறையும் என்றார்கள் சிலர்;
கூடவும் மாட்டாது குறையவும் மாட்டாது,
இருந்தால் முழுசு என்றார்கள் வேறு பெரியவர்கள்.
இரண்டு பக்கமும் ஆயத்து இருந்தது.
நிறுக்கிறவன் நான்; எனக்கு வேறு யோசனை வந்தது.
குறைகிற சாமானென்றால்
அதற்கும் ஒரு தராசு எங்கேயோ இருக்கும்.
சாக்கு எது? இந்த உடம்பா?
கழிவு எவ்வளவு போடுவான்?

கரண்ட் போனது.
ஃபேன் நின்று, மைக் செத்து,
மௌலவியின் சொந்தக் குரல் மட்டும்
எங்கோ முன்வரிசையில், சின்னதாக.
இருட்டில்
ஈமான் கொண்டேன் என்றது நாக்கு.
ஐம்பத்தொன்பது கிலோ எண்ணூறு என்றது கல்பு.
கையிரண்டும் மடியில் கிடந்தன
ஒன்றும் சொல்லாமல், தவராசாவைப் போல.

சுபஹு தொழுதுவிட்டு மில்லைத் திறந்தேன்.
சாக்கோடு அறுபது கிலோ கட்டினேன்.
பிறகு அந்தச் சாக்கு ஞாபகம் வர
அவிழ்த்து, இன்னும் நாலைந்து கை அள்ளிப் போட்டேன்.
கூடிப்போனது அல்லாஹ்வுக்கா
என் பயத்துக்கா தெரியாது.

வீரமுனை ரோட்டால்
என் வாப்பா ஒருநாளும் வந்ததில்லை.
ஏனென்று எங்கள் வீட்டில் பேசுவதில்லை.
சைக்கிள் தூரம்தான்.
மோட்டார் சைக்கிளின் பின்பக்கம் மூடை
ஒவ்வொரு குழிக்கும் ஒருதரம் முதுகில் இடித்தது.
கோயிலில் மணி கேட்டது.

படலையில் ஒரு பிள்ளை நின்றாள்,
வாயெல்லாம் பற்பசை நுரை.
"அப்பா வயலுக்குப் போயிட்டார்."
மூடையைப் பார்த்தாள்.
என் தொப்பியைப் பார்த்தாள்.
நுரையைத் துப்பிவிட்டுக் கேட்டாள்:
"ஆரெண்டு சொல்லுற?"

எஞ்சினை நான் இன்னும் நிறுத்தவில்லை.