அரை அளவு பெரிது

ரூவியில் கடைப்பையன் ரொஹேலியோ
என் பாதத்தைத் தகரப் பலகையில் நிறுத்தி அளந்தான்.
முப்பத்தெட்டு என்றேன்.
வெயிலில் வீங்கும் மேடம், முப்பத்தெட்டரை எடுங்கள்.
டயாலிசிஸ் வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற கால்,
அதற்குத் தெரியாத வீக்கமா.

பெருக்காதே, பெருக்காதே என்றபடியே
ரியாலை ரூபாயாகப் பெருக்கினேன்.
தங்கையின் ஒரு பருவக் கட்டணம்.
அதைக் காலில் மாட்டிக்கொண்டு ஓடுவதா?

நீந்தவும் மிதிக்கவும் ஓடவும்
ஒரே உடுப்பு இருக்கிறதாம்.
போட்டுப் பார்க்கும் அறையில்
இடுப்புவரை ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கியது.
கண்ணாடியில் ஒரு நீர்நாய்
என் முகத்தோடு நின்றது.
பிடித்திருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.

குளிருக்கு ரப்பர் உடை? என்றான்,
அக்டோபரிலும் ரசம்போல் சுடுகிற கடலுக்கு.
இருவரும் சிரித்தோம்.
எண் தாளை மாட்ட பெல்ட்டாம்.
ஊக்கு போதும்.
நீச்சல் கண்ணாடி மட்டும் கறுப்பில் எடுத்தேன்:
அஸைபாவில் கிழக்கே திரும்பினால்
சூரியன் முகத்தில் அறைகிறது.

புது சைக்கிளுக்கு வழியில்லை.
குப்ராவில் முதஸ்ஸிர் என்ற சூடானி சர்வேயர்
ஒப்பந்தம் முடிந்து கிளம்புகிறார்.
சோபா போய்விட்டது, பிரிட்ஜ் போய்விட்டது,
கூடத்தின் நடுவே சைக்கிள் மட்டும்
தலைகீழாக.
பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.
அது தானாக நிற்கும்வரை
நாங்கள் பேசவில்லை.

இருக்கைத் தண்டில் ஒரு நீல டேப்,
அவர் உயரத்துக்கான அடையாளம்.
நான்கு விரற்கடை இறக்கினேன்.
உரித்துவிடவா என்றார்.
இருக்கட்டும் என்றேன்,
ஏனென்று தெரியவில்லை.
பம்பும் பஞ்சர் பெட்டியும் இலவசம்.
தண்ணீர் புட்டியும்;
அதில் ஏதோ பந்தயத்தின் பெயர்
கழுவிக் கழுவிப் போய்விட்டிருந்தது.

இரவு ஒன்பது மணி, சர்வீஸ் ரோடு.
கியர் எது பிரேக் எது என்று
விரல்கள் இருட்டில் தேடிக்கொண்டிருக்க,
பரோட்டா பார்சலோடு
ரப்பர் செருப்புக்காரன் ஒருவன்
துருப்பிடித்த சைக்கிளில் மணியடித்து
என்னைத் தாண்டிப் போனான்.
திரும்பியும் பார்க்கவில்லை.
அவன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே
அல் குவைர் வரை மிதித்தேன்.

காலணிப் பெட்டியை
வியாழன்வரை எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான் ரொஹேலியோ.
இன்று செவ்வாய்.
முட்டிக்குக் கீழே
இப்போதே வீங்கத் தொடங்கியிருக்கிறது.