இரண்டாம் சேனல்

எண்பத்தெட்டுக் கட்டைகள் என் பியானோவில்.
இடது ஓரத்தில், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில்,
வழவழப்பான ஒரு கறுப்புப் பலகை.
விற்றவன் அன்றே சொன்னான்:
இது பியானோ, வளையாது.

எனக்கு வளைய வேண்டியிருந்தது.
ரீகாவில் பதினோரு வருடமாக டிராம் ஓட்டுகிறேன்.
சந்தையைத் தாண்டியதும் ஒரு திருப்பம்.
தண்டவாளத்தில் இரும்பு உரசிக் கிளம்பும் கீச்சல்
ஒரு சுரத்தில் தொடங்கி
அடுத்ததை எட்டுமுன்பே மனசு மாறி இறங்கிவிடும்.
அதைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.
தொட்டுப் பார்த்தால்
இந்தக் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே
மயிரிழை இடுக்கில் விழுந்து கிடக்கும்.

லியெபாயாவிலிருந்து பார்சல் வந்தது.
சோப்பு டப்பா அளவு, உள்ளே ஒற்றைச் சக்கரம்.
செத்துப்போன ஏதோ ஒரு சிந்தசைசரிலிருந்து பிடுங்கி
பிளைவுட்டில் பொருத்தியிருந்தார் ஸிகூர்ட்ஸ் என்பவர்.
சீட்டில் எழுதியிருந்தார்: ஸ்பிரிங் புதுசு.
கீழே பொடி எழுத்தில்: கிட்டத்தட்ட.

மேசையில் இடமில்லை.
ஸ்பீக்கர் ஜன்னல் விளிம்புக்குப் போனது,
வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடி தரைக்கு.
செருகினேன், உருட்டினேன்,
ஒன்றும் நடக்கவில்லை.
கேபிளை மாற்றினேன். கணினியை அணைத்து எழுப்பினேன்.
திட்டினேன், ரஷ்ய மொழியிலும்.
இரவு ஒரு மணிக்குப் பிடிபட்டது:
கட்டைகள் பேசுவது முதல் சேனலில்,
சக்கரம் பேசுவது இரண்டாவதில்.
இரண்டும் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தன.

ஒரே எண்ணை மாற்றியதும்
சுரம் மெழுகாய்க் குழைந்தது.
அப்புறம்தான் உறைத்தது, கை இரண்டுதான்.
இடது கை சக்கரத்துக்குப் போய்விட்டால்
கீழ்ச்சுரங்களுக்கு ஆளில்லை.
வயிறில்லாத பாட்டுக்கு
ஃபிரிட்ஜ் மட்டும் சுருதி போட்டது.
முழங்கையால் முயன்றேன்.
தொடையில் நாடாவால் கட்டி, காலைத் தூக்கி...

கதவருகே குன்வால்டிஸ் நின்றிருந்தான்.
லிஃப்ட் பழுது பார்ப்பவன், ராத்திரி அழைப்புக்குக் காத்து
தூங்க மறந்தவன்.
சங்கீதத்தில் அவனுக்குத் தெரிந்தவை
சத்தம் ஜாஸ்தி, சத்தம் கம்மி.
மார்ச்சிலிருந்து எங்கள் பேச்சு
பால், பில், சாவி.
கொடு, என்றான்.
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.
கேபிள் முக்கால் மீட்டர்தான்,
ஒட்டித்தான் உட்கார வேண்டியிருந்தது.

எப்போ திருப்பணும்?
சொல்கிறேன், என்றேன்.
இரண்டு கையும் ஓடும்போது வாய் எங்கே வருகிறது?
அவன் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் மூச்சிழுத்த இடத்தில் மேலே தள்ளினான், தப்பு.
அடுத்த முறை தாமதம், அதுவும் தப்பு.
மூன்றாம் முறை
நான் நினைத்தே பார்க்காத, ஒன்றுமில்லாத ஓரிடத்தில்
கீழே விட்டான்.
இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன கூண்டைக்
கையால் இறக்குவதுபோல்,
உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்து.

அது திருப்பத்துக் கீச்சல் அல்ல.
டிராமே அல்ல.
நான் நிறுத்தவில்லை.

விட்டதும் சக்கரம் நடுவுக்குத் திரும்பியது,
கிட்டத்தட்ட.
பூஜ்யம் காட்ட வேண்டிய திரையில்
முந்நூறு.
காதுக்கு எட்டாது, என்றான்.
எனக்கு எட்டுகிறது.
என் பையில் ஸ்பிரிங் கிடக்கு, மாத்தித் தரவா?
அதற்குள் அவன் ஃபோன் அதிர்ந்தது.
யூக்லாவில் ஆறாம் மாடிக்குக் கீழே
ஒரு பெரியவரும் நாயும் மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

சக்கரத்தில் விரல் படாமல்
பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனான்.
திரையில் இன்னும் முந்நூறு.
அதைப் பூஜ்யமாக்க ஒரு பொத்தான் உண்டு.
எனக்கு முதல் டிராம் நாலே முக்காலுக்கு.
ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு
அந்தச் சின்ன அதிகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.